தீப்பெட்டிப் படம் சேர்த்த பிள்ளைகள் எங்கே போனார்கள்?

“செல்போன் வந்துச்சு, பிள்ளைங்க எதையும் சேர்க்கிறதை விட்டுட்டாங்க.” தபால்தலை, தீப்பெட்டிப் படம், சிகரெட் அட்டை, பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படம் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் மணப்பாறையில் என் வயதுக்காரர்கள் சொல்லும் பதில் இதுதான். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் இதையே சொல்கிறார், பள்ளிக்கூட ஆசிரியரும் இதையே சொல்கிறார்.

எனக்கு இது ஒப்பவில்லை. காலக்கணக்கு இடிக்கிறது. ஜியோ வந்தது 2016 செப்டம்பரில். அதற்குப் பல வருஷம் முன்பே எங்கள் தெருவில் தீப்பெட்டிப் படத்துக்காகக் குனிந்து தேடும் பிள்ளை ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் அட்டை சேர்த்தவர்கள் கூட்டம் கூட்டமாக விலகியது 1990களின் நடுவில். அன்றைக்கு அங்கேயும் பத்து வயதுப் பையன் கையில் செல்போன் கிடையாது. நோயாளி இறந்து பல வருஷம் கழித்து ஊருக்கு வந்தவன் மேல் கொலைப்பழி போடுகிறோம்.

அப்படியானால் நடந்தது என்ன? தீப்பெட்டிப் படத்திலிருந்து தொடங்கினால்தான் இது பிடிபடும் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1980களில் மணப்பாறையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருந்தது. ஊரில் மாட்டுச் சந்தை உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே வண்டியும் லாரியுமாக மாடுகள் வந்து இறங்கும். புதன்கிழமை சந்தை களைகட்டும். திண்டுக்கல், கரூர், புதுக்கோட்டை என்று சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். விடிய விடிய பீடி பிடிப்பார்கள். அவரவர் ஊர்க் கடையில் வாங்கிய தீப்பெட்டியோடு வந்து, காலியானதும் அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். நம் ஊர்க் கடையில் கண்ணில் படாத படமெல்லாம் சந்தைத் திடலில் கிடக்கும். புதன் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தோளில் போட்டபடியே அங்கே ஓடுவோம். சாணியும் வைக்கோலும் மிதிபட்ட மண்ணில் ஒரு புதுப் படம் தலைநீட்டினால் வரும் சந்தோஷத்தை அதற்குப் பின் நான் விலைகொடுத்து வாங்கிய எந்தப் பொருளும் தரவில்லை.

அந்தக் காலத்துத் தீப்பெட்டியில் படம் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். மெல்லிய மரச்சில்லில் செய்த கூடு. அதன்மேல் வண்ணத் தாள். தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் பசை இளகி படம் கையோடு வந்துவிடும். சுவரில் அப்பி உலர்த்துவோம். உலர்ந்ததும் பழைய கணக்கு நோட்டில் ஒட்டுவோம். விலங்குகளுக்கு ஒரு பக்கம், சாமி படங்களுக்கு ஒரு பக்கம், தலைவர்களுக்கு ஒரு பக்கம், பூவும் பழமும் ஒரு பக்கம். யாரும் சொல்லித் தராமலேயே பிரித்து அடுக்கக் கற்றுக்கொண்டோம். ஒரே கம்பெனி ஒரே படத்தை நிறம் மாற்றி அச்சடித்திருந்தால் அதைக் கண்டுபிடிப்பவன் பெரிய ஆள். இரண்டு இருந்தால் ஒன்று ‘டபுள்’. டபுளைக் கொடுத்துத்தான் இல்லாததை வாங்க முடியும். காசு செல்லாது. காசு கொடுத்துக் கேட்பவனைக் கொஞ்சம் கேவலமாகக்கூடப் பார்ப்போம்.

சிகரெட் அட்டைக்கு வேறு பயன். மண்ணில் வட்டம் போட்டு நடுவில் அட்டைகளை அடுக்கி, தட்டைக் கல்லை வீசி வட்டத்துக்கு வெளியே தள்ளுவது. வெளியே வந்தது எறிந்தவனுக்குச் சொந்தம். எல்லாக் கடையிலும் கிடைக்கும் பிராண்டுக்கு மதிப்புக் குறைவு, அபூர்வமாகக் கிடைப்பதற்கு மதிப்பு அதிகம். அந்த மதிப்பைக் கம்பெனி வைக்கவில்லை, கடைக்காரர் வைக்கவில்லை. தெருப் பிள்ளைகளே கூடிப் பேசி வைத்தோம். அடுத்த தெருவில் வேறு கணக்கு இருக்கும். அங்கே ஆடப் போனால் முதலில் கணக்கைப் பேசிவிட்டுத்தான் ஆட்டம்.

இத்தனை விதமான படங்கள் எங்கிருந்து வந்தன என்று வளர்ந்த பிறகுதான் தேடிப் படித்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்குத் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. ஜப்பான்காரர்கள் இந்தியச் சந்தைக்காகவே நம் சாமி படங்களைப் போட்டு அனுப்பினார்கள். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி, அடுத்த ஆண்டு ஊரிலேயே தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். அதே 1923-ல் சுவீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் கால் வைத்தது. சென்னையில் விம்கோ நகர் என்ற பெயர் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான்.

ஒரு பக்கம் எந்திரத்தில் செய்யும் பெரிய கம்பெனி. மறுபக்கம் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் கையால் செய்யும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். சிறிய பட்டறைக்கு வரிச் சலுகை இருந்ததால் பலரும் சிறியவர்களாகவே இருந்து தொழில் செய்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு லேபிள் தேவை. குச்சியும் மருந்தும் எல்லாருக்கும் ஒன்றுதான். படத்தால்தான் ஒருவர் பெட்டியை மற்றவர் பெட்டியிலிருந்து பிரித்துக் காட்ட முடியும். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டியும் கடையில் போய் “குதிரை போட்ட பெட்டி குடு தம்பி” என்று கேட்டு வாங்குவார். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால்தான் சிவகாசியில் அச்சுத்தொழிலே அப்படி வளர்ந்தது. படங்களைப் பிள்ளைகளுக்காக யாரும் அச்சடிக்கவில்லை. தீப்பெட்டி விற்பதற்காக அச்சடித்தார்கள். பயன் முடிந்ததும் எறிந்தார்கள். அது எங்கள் கைக்கு வந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என் வாதம் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இந்த வரிசை படிப்படியாகக் கலைந்தது. மரச்சில்லு போய் அட்டைப் பெட்டி வந்தது. படத்தை அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள்; ஊறவைத்து உரிக்க ஒன்றும் இல்லை. கேஸ் அடுப்போடு லைட்டர் சமையலறைக்குள் வந்தது. பீடி பற்றவைக்கவும் மலிவான லைட்டர்கள் வந்தன. கையால் செய்ததற்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 சதவீதம் என்றிருந்த ஜி.எஸ்.டி. 2020 ஏப்ரல் முதல் எல்லாத் தீப்பெட்டிக்கும் 12 சதவீதம் என்று ஒன்றானது. சிறியவர்களுக்கு வரியில் இருந்த அனுகூலம் போனது. 2007-ல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 வருஷம் அதே விலையில் நின்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. மூலப்பொருள் விலை ஏற ஏற, விற்கும் விலை ஏறாமல் நின்றால் சிறியவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு தடுத்ததே 2023-ல்தான். பட்டறைகள் குறைந்தால் படங்களும் குறையும். தீப்பெட்டி இன்றும் இருக்கிறது, ஆனால் சந்தைத் திடலில் பத்துப் பெட்டி கிடந்தால் பத்தும் வேறு வேறாக இருந்த காலம் போய்விட்டது.

எங்கள் மணப்பாறைக்குப் பக்கத்திலேயே மொண்டிபட்டியில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் அட்டை ஆலை 2016 முதல் ஓடுகிறது. ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் அட்டை செய்யும் திறன் கொண்டது. பெட்டி செய்யும் அட்டைக்கு இன்று ஊரிலும் பஞ்சமில்லை, நாட்டிலும் பஞ்சமில்லை. பிள்ளை ஒன்று நின்று பார்க்கும்படியான வேறுபாட்டுக்குத்தான் பஞ்சம்.

தபால்தலைக்கு வருகிறேன். அதன் கதையும் இதே வழியில்தான் போனது.

திருச்சிச் சீமையிலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் பல தலைமுறையாக உண்டு. பிறகு சிங்கப்பூர், வளைகுடா. ஓரங்களில் சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட ஏர்மெயில் கவர் ஒரு வீட்டுக்கு வந்தால் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். “அத்தை, படிச்சிட்டு கவரைக் குடுங்க” என்று வாசலில் போய் நிற்போம். கடிதத்தை இரண்டு மூன்று முறை படித்து, பணம் வந்த விவரம் பேசி முடித்து, அவர்கள் கவரைக் கிழித்துத் தரும் வரை காத்திருப்போம். இலங்கைத் தபால்தலையில் சிங்களத்தோடும் ஆங்கிலத்தோடும் ‘இலங்கை’ என்று தமிழிலும் இருக்கும். வேற்று நாட்டு அரசாங்கத்தின் தபால்தலையில் நம் எழுத்து! நம் நாட்டுத் தலையில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும்தானே என்று நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. மொழியும் நாடும் அரசியலும் பற்றி என் மனதில் எழுந்த முதல் கேள்வி ஒரு கடித உறையின் மூலையிலிருந்து வந்தது.

நாட்டின் பெயரே இல்லாமல், ராணியின் தலை மட்டும் இருந்தால் அது இங்கிலாந்து. 1840-ல் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்டவர்கள் என்பதால் பெயர் போடாமலே விடும் உரிமை அவர்களுக்கு மட்டும் உண்டு என்று எங்கள் வரலாற்று ஆசிரியர் சொன்னார். ‘மக்யார்’ என்று இருந்தால் ஹங்கேரி, ‘ஹெல்வெட்டியா’ என்று இருந்தால் சுவிட்சர்லாந்து. வரைபடத்தில் தேடி விரல் வைப்போம். திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமனுக்கு 1971-ல் வந்த தபால்தலை என்னிடம் இருந்தது. நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தபால்தலையில் வர முடியும் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

தபால்தலைக்கு என்ன ஆனது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொலைபேசி வந்தது, கடிதம் குறைந்தது. அலுவலகக் கடிதங்களில் தலைக்குப் பதில் எந்திர முத்திரை வந்தது. 1986-ல் தொடங்கிய விரைவு அஞ்சல் பெருகியதும் கவரின் மேல் பார்கோடு ஒட்டினார்கள். 2013 ஜூலையில் தந்தி நின்றது. 2025-ல் பதிவுத் தபாலும் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. இன்று மணப்பாறையில் ஒரு வீட்டுக்கு வருஷம் முழுவதும் வரும் தபாலைச் சேர்த்து வைத்தாலும், ஊறவைத்து எடுக்க ஒரு தலை தேறுமா என்பது சந்தேகம்.

ஆனால் தபால்தலை வெளியீடு நின்றுவிடவில்லை. இதைக் கவனியுங்கள். அழகழகான தலைகள் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. திருச்சி தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவில் போய்க் காசு கொடுத்தால் கிடைக்கும். வைப்புக் கணக்குத் தொடங்கிவிட்டால் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். 2011 முதல் நம் முகத்தையே தலையில் அச்சடித்துத் தருகிறார்கள். பிள்ளைகளை இழுக்க 2017-ல் தீன தயாள் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகைத் திட்டம் வந்தது: ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை, நாடு முழுவதும் 920 பேருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். நல்ல எண்ணத்தோடு செய்த திட்டம், நான் மனதார வரவேற்கிறேன். ஆனாலும் பிள்ளைகள் பெருவாரியாகத் திரும்பி வரவில்லை. ஏனென்றால் அந்தத் தலை எந்தக் கடிதத்தையும் சுமந்து வரவில்லை. யாருடைய வாசலிலும் நின்று கேட்டு வாங்க வேண்டியதில்லை. அச்சகத்திலிருந்து நேரே ஆல்பத்துக்குப் போகிறது.

இதே நிலைமையை நாங்கள் சிறுவயதிலேயே ஒருமுறை பார்த்துவிட்டோம். திருச்சியில் மலைக்கோட்டையைச் சுற்றிய கடைகளில் தபால்தலைப் பாக்கெட் விற்பார்கள். கண்ணைப் பறிக்கும் பெரிய தலைகள்: ராக்கெட், கார், ஐரோப்பிய ஓவியம், ஒலிம்பிக். அஜ்மான், ஃபுஜைரா, உம் அல் குவைன் என்று நாட்டின் பெயர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 1971 டிசம்பரில் உருவாவதற்கு முந்தைய ஆண்டுகளில், அந்தச் சின்னச் சின்னப் பாலைவன அரசுகளின் பெயரில் வெளிநாட்டு வியாபாரிகள் சேகரிப்பவர்களுக்கென்றே அச்சடித்துக் குவித்தவை அவை. பெரும்பாலானவை கடிதத்தையே காணாமல், அச்சடித்தபோதே முத்திரையும் வாங்கியவை. பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரு பத்து நிமிஷம் அள்ளிப் பார்ப்போம். அப்புறம் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த நிறம் மங்கிய ஒரு மலேசியத் தலைக்கு ஈடாக அந்தப் பத்துத் தலையை யாரும் வாங்க மாட்டார்கள். ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஆனால் கைக்குத் தெரிந்திருந்தது.

அட்டைகளின் காலம் அடுத்து வந்தது. 1987-ல் உலகக் கோப்பை இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நடந்ததை ஒட்டி, பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் வீரர் படங்களுக்காக நாங்கள் தாடை வலிக்க மென்றோம். கேபிள் டிவி வந்த 1990களில் என் தம்பி வயதுக்காரர்கள் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த டிரம்ப் கார்டுகளில் மூழ்கினார்கள். அண்டர்டேக்கர், பிரெட் ஹார்ட், யோகோசூனா. உயரம், எடை, மார்பளவு, ஆடிய சண்டை, ஜெயித்த சண்டை. ஒரு கட்டு வாங்கினால் எல்லா அட்டையும் உள்ளேயே இருக்கும். தேட வேண்டியது எதுவும் இல்லை. 1999-ல் பிரிட்டானியா பிஸ்கட் உறையில் அச்சடித்திருந்த ரன்களைச் சேர்த்தோம். அதில் படத்தைவிடப் பரிசுதான் முக்கியம். ஐபிஎல் வந்த பிறகு அமெரிக்க டாப்ஸ் கம்பெனியே கிரிக்கெட் அட்டாக்ஸ் என்று அட்டை விற்றது. ஒவ்வொன்றும் சில வருஷம் பரபரவென்று ஓடியது. கம்பெனி நிறுத்தியதும் பிள்ளைகளும் நிறுத்திவிட்டார்கள். தீப்பெட்டிப் படம் பல தலைமுறை நின்றதே, இவை ஏன் நிற்கவில்லை?

இதற்குப் பதில் தேடும்போதுதான் பேஸ்பால் அட்டையின் வரலாறு எனக்கு உதவியது. அமெரிக்காவில் நமக்கு முன்பே, நம்மைவிடப் பெரிய அளவில் நடந்து முடிந்த கதை அது.

அந்த அட்டையும் தொடக்கத்தில் நம் சிகரெட் அட்டையின் சொந்தக்காரன்தான். 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைத்தார்கள். அதில் படம் போட்டார்கள். அப்பா புகைப்பார், பிள்ளை அட்டையை எடுத்துக்கொள்வான். பிறகு பபிள்கம்மோடு வந்தது. 1952-ல் டாப்ஸ் வெளியிட்ட வரிசை மிகப் பிரபலம். பிள்ளைகள் அதைச் சுவரில் சுண்டி ஆடினார்கள். சைக்கிள் சக்கரக் கம்பியில் செருகி, ஓட்டும்போது படபடவென்று சத்தம் வரவைத்தார்கள். பையன் வளர்ந்து வெளியூர் போனதும் அம்மாக்கள் டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போட்டார்கள். 1952 வரிசையில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960-ல் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கரே படகில் ஏற்றிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். அத்தனை பேரும் அலட்சியமாக இருந்ததால் தப்பிப் பிழைத்த சில அட்டைகளுக்கு அபூர்வம் வந்தது. அந்த வரிசையில் மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

1980களில் இந்த விலையேற்றம் ஊரறிந்த சேதியானதும் எல்லாம் மாறியது. அட்டைக்கு மாதாமாதம் விலைப்பட்டியல் புத்தகம் வந்தது. பெரியவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கினார்கள், பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் என்று. புதுக் கம்பெனிகள் முளைத்தன. 1989-ல் வந்த அப்பர் டெக், அட்டையின் தரத்தையும் விலையையும் ஒன்றாக உயர்த்தியது. கேட்பு கூடக் கூட அச்சடித்துத் தள்ளினார்கள். டாப்ஸ் பாக்கெட்டுக்குள் இருந்த பபிள்கம் 1990களின் தொடக்கத்தில் காணாமல் போனது. அது அட்டையில் கறை படுத்துகிறதாம், கறை பட்டால் விலை குறைகிறதாம். 1994 ஆகஸ்டில் பேஸ்பால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே நடக்கவில்லை. ஜனங்கள் விளையாட்டின் மேலேயே கோபம் கொண்டார்கள். பரணில் பத்திரமாக இருந்த பெட்டிகளை இறக்கிப் பார்த்தால், அதே பெட்டி எல்லார் வீட்டுப் பரணிலும் இருந்தது. எல்லாரும் பாதுகாத்ததில் எதுவும் அபூர்வம் இல்லை. விலை சரிந்தது. விலைக்காக வந்தவர்கள் போனார்கள். ஆசைக்காக வந்த பிள்ளைகள் அதற்கு முன்பே, ஒரு பாக்கெட்டின் விலை கைக்காசுக்கு எட்டாமல் போனபோதே, போய்விட்டிருந்தார்கள்.

கொரோனா காலத்தில் இது திரும்பி வந்தது என்பார்கள். வந்தது உண்மை. 2021 மார்ச்சில், அட்டையின் தரத்துக்கு ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடும் பி.எஸ்.ஏ. நிறுவனம், வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல் புதிதாக வாங்குவதையே நிறுத்தி வைத்தது. மே மாதம், வாங்க வந்தவர்களுக்குள் கைகலப்பு ஆனதால் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் அட்டை விற்பதை நிறுத்தி வைத்தன. மதிப்பெண் வாங்கிய அட்டையைக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டில் வைத்து மூடிவிடுவார்கள். இனி அதைக் கையில் தொட முடியாது, சுவரில் சுண்ட முடியாது. திரும்பி வந்தது பணம். பிள்ளைகள் வரவில்லை.

மூன்று கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பெரியவர்களின் வாழ்க்கையிலிருந்து உதிர்ந்து கீழே விழும் பொருளைக் குழந்தைகள் பொறுக்கிக்கொண்ட வரை சேகரிப்பு உயிரோடு இருந்தது. ஒன்று, உதிர்வது நின்றுபோனது: ஒட்டுப்படம் நின்றது, கடிதம் நின்றது. இல்லையென்றால், சேகரிப்பதற்காகவே செய்து விற்கத் தொடங்கினார்கள்: பாலைவனத் தபால்தலை, டிரம்ப் கார்டு, 1989-க்குப் பிந்தைய பேஸ்பால் அட்டை. முதலாவதில் பிள்ளைக்குப் பொருள் கிடைக்கவில்லை. இரண்டாவதில் பொருள் கிடைத்தது, பிள்ளைக்குச் செய்ய வேலை இல்லை. தேடுவதும், கேட்பதும், மாற்றுவதும், மதிப்பு வைப்பதும் கடைக்காரரும் கம்பெனியும் செய்து முடித்த பிறகு, பிள்ளைக்கு மிஞ்சியது பணம் கொடுக்கும் வேலை ஒன்றுதான். அந்த வேலையில் எந்தக் குழந்தைக்கும் ரொம்ப நாள் ருசி இருக்காது.

எனக்கு மிகவும் வலிக்கும் இழப்பு இன்னொன்று. தீப்பெட்டிப் படத்தில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு எந்த அனுகூலமும் இல்லை. எங்கள் வகுப்பில் மிகப் பெரிய சேகரிப்பு இருந்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருந்தவர் மகனிடம். காலையும் மாலையும் அப்பாவுக்கு உதவியாகக் கிளாஸ் கழுவுவான். வெளியூர்க்காரர்கள் அங்கேதான் நின்று டீ குடித்துப் பற்றவைப்பார்கள். அரிசி மண்டிக்காரர் மகனும் டாக்டர் மகனும் ஒரு படத்துக்காக அவன் பெஞ்சுக்குப் போய் நிற்பார்கள். வகுப்பில் அவனுக்குப் பெரிய மார்க் வராது. ஆனால் எந்தப் படம் எந்த ஊர்ப் பெட்டியில் வரும், எது நின்றுபோனது, எது நிறம் மாறியது என்று அவனுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அறிவுள்ளவன் என்ற மரியாதை அவனுக்கு அங்கே கிடைத்தது. பபிள்கம் அட்டை வந்ததும் அந்த வரிசை தலைகீழானது. யாரிடம் காசு இருந்ததோ அவன் நோட்டு நிறைந்தது. விற்பனைக்கு வந்த சேகரிப்பு ஏழைப் பிள்ளையை முதலில் வெளியேற்றியது, பிறகு மற்றவர்களையும் சலிப்பால் வெளியேற்றியது. இதை ஒரு சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

செல்போனுக்கு இதில் பங்கே இல்லையா என்றால், ஒரு பங்கு உண்டு. பேஸ்பால் அட்டையின் பின்பக்கத்தில் வீரரின் கணக்குகள் இருக்கும். அதை மனப்பாடம் செய்வது பிள்ளைகளின் பெருமை. 1993-ல் கிரிக்இன்ஃபோ தொடங்கிய பிறகு கிரிக்கெட்டில் அந்த வேலையை இணையம் எடுத்துக்கொண்டது. தகவலுக்காக அட்டை வேண்டியதில்லை என்றாகிவிட்டது. ஆனால் தகவல் ஒருபோதும் முழுக் காரணம் அல்ல. மக்யார் என்றால் ஹங்கேரி என்பதை இன்று நொடியில் தெரிந்துகொள்ளலாம். அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு ஊட்டியது கையில் இருந்த அந்தத் துண்டுக் காகிதம்.

சரி, இனி என்ன? பழைய தீப்பெட்டிப் படத்தை இன்றைய பிள்ளைகள் கையில் திணிக்கச் சொல்லவில்லை. அது நம் ஏக்கம், அவர்களுடையது அல்ல. கேட்க வேண்டிய கேள்வி வேறு: இன்றைக்கு நம் ஊரில் நாள்தோறும் உதிர்ந்து விழுவது எது? யாரும் பிள்ளைகளுக்காகச் செய்யாதது, ஒன்றைப் போல் ஒன்று இல்லாதது, காசு கொடுக்காமல் கிடைப்பது?

மணப்பாறையில் இதற்குப் பதில் கண்முன்னால் இருக்கிறது. முறுக்கு உறை. ரயில் நிலையத்தில் விற்று விற்றே பெயர் வாங்கிய முறுக்கு, 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றது. ஊரில் எத்தனை வீடுகளில் முறுக்குச் சுடுகிறார்கள்! ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு சாமி படம் அல்லது ஒரு பூ. சிலர் பையிலேயே அச்சடிக்கிறார்கள், சிலர் உள்ளே ஒரு சீட்டு வைக்கிறார்கள். எல்லாருடையதும் மணப்பாறை முறுக்குதான். பிரித்துக் காட்ட லேபிள்தான் இருக்கிறது. அன்றைய சிவகாசிப் பட்டறைகளின் நிலை இதுவே. பஸ்ஸிலும் ரயிலிலும் தின்று முடித்ததும் உறையை எறிந்துவிடுகிறார்கள். நான் விசாரித்த வரையில் ஒருவர்கூட இதைச் சேர்த்து வைக்கவில்லை. குழந்தைகள் ஒரே ஒரு வருஷம் சேர்த்தால் போதும், ஊரின் தொழில் வரலாறு ஒரு நோட்டில் வந்துவிடும்: எந்தக் கடை எப்போது தொடங்கியது, எது பெயர் மாறியது, எந்த அக்காவின் பெயரில் உறை வருகிறது, புவிசார் குறியீடு வந்த பிறகு உறையில் என்ன மாறியது. அதற்காக அவர்கள் முறுக்குச் சுடும் வீடுகளுக்குப் போய்ப் பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சுதான் முக்கியம்.

பள்ளிக்கூட ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இது: போட்டி வைக்காதீர்கள், பரிசு அறிவிக்காதீர்கள். பரிசு வந்தால் அப்பா அம்மாக்கள் பெட்டியோடு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், ஆட்டம் அன்றோடு முடிந்துவிடும். ஒரு பழைய நோட்டு, கொஞ்சம் பசை, வாரத்தில் ஒரு நாள் மதிய இடைவேளையில் டபுள் மாற்றிக்கொள்ள அனுமதி. அது போதும். எது அபூர்வம், எதற்கு எது ஈடு என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

பெற்றோர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்துப் பெரியவர்கள் எங்கள் நோட்டைப் பார்த்து ‘குப்பை’ என்றார்கள். விலை என்ன வரும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த அலட்சியம் எங்களுக்குப் பெரிய சுதந்திரமாக இருந்தது. இன்று பிள்ளை எதைக் கையில் எடுத்தாலும் இதனால் என்ன பயன், மார்க் வருமா, விலை போகுமா என்று கேட்கிறோம். அமெரிக்காவில் பேஸ்பால் அட்டையைக் கொன்றது இந்தக் கேள்விதான். உங்கள் மகளோ மகனோ முறுக்கு தின்று முடித்து அந்த உறையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.